படகுக் கழிப்பறை ஒழுகினால்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

படகுகள் மீண்டும் தண்ணீரில் இறங்கியிருக்கும் இந்தப் பருவத்தில் எனக்கு வந்த கடிதங்களில் நான்கு, சொல்லிவைத்தாற்போலக் கழிப்பறையைப் பற்றியே இருந்தன. வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, பழைய துணியைச் சுற்றிவைத்து, வாசனைத் திரவியம் தெளித்து, பலர் மாதக்கணக்கில் மறைத்துவைக்கும் பழுது இது. அதனால் இந்த முறை பக்கம் முழுவதையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: சென்ற இலையுதிர் காலத்தில் 27 அடிப் பாய்மரப் படகு ஒன்றைப் பழையதாக வாங்கினோம். 1980களில் கட்டப்பட்டது. குளிர்காலம் முழுவதும் கரையில் முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்துவிட்டு, மே மாதம் ஒன்டாரியோ ஏரியில் இறக்கினோம். படகில் கைப்பம்பு வைத்த கழிப்பறை இருக்கிறது. பிடியை இழுக்கும்போதெல்லாம் தண்டைச் சுற்றித் தண்ணீர் பீறிடுகிறது. அது போதாதென்று, யாரும் பயன்படுத்தாத நாளிலும் காலையில் பார்த்தால் அடியில் ஒரு சிறு குட்டை தேங்கியிருக்கிறது. முழுவதையும் எடுத்துவிட்டுப் புதிது வைத்துவிடலாம் என்கிறார் என் கணவர். ரப்பரை மாற்றினால் போதும் என்கிறார் பக்கத்துப் படகுக்காரர். இது சரியாகும்வரை படகில் கால் வைக்க மாட்டேன் என்று என் அம்மா சொல்லிவிட்டார். நாங்களே செய்யக்கூடிய வேலையா இது?
(வாசகி, ஸ்கார்பரோ, கனடா)

பதில்: நீங்களே செய்யலாம். உங்கள் கணவர் சொல்வது, பக்கத்துப் படகுக்காரர் சொல்வது இரண்டுமே சரியாக இருக்க வாய்ப்பு உண்டு. ஏனென்றால் நீங்கள் விவரித்திருப்பது ஒரு கசிவு அல்ல, இரண்டு. படகுக் கழிப்பறைக்குள் இரண்டு வகைத் தண்ணீர் ஓடுகிறது. ஏரியிலிருந்து அலசுவதற்காக உள்ளே வரும் தண்ணீர் ஒன்று. கோப்பையிலிருந்து கழிவுத் தொட்டிக்குப் போகும் தண்ணீர் மற்றொன்று. தரையில் விழுவது இவற்றில் எது என்று தெரிந்துவிட்டால், கெட்டுப்போன உறுப்பு எது என்பதும் பெரும்பாலும் தெரிந்துவிடும். அது தெரியும்வரை கடைக்குப் போய்ப் பணம் செலவழிக்க வேண்டாம்.

பம்பு எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே உருளைக்குள் ஒரே பிஸ்டன் இரண்டு வேலைகளைச் செய்கிறது. பிஸ்டனுக்கு மேலே இருக்கும் பகுதி ஏரித் தண்ணீருக்கு உரியது. கீழே இருக்கும் பகுதி கழிவுக்கு உரியது. பிடியை மேலே இழுக்கும்போது, மேல்பகுதியில் இருக்கும் ஏரித் தண்ணீர் கோப்பைக்குள் தள்ளப்படுகிறது. அதே நேரத்தில் கோப்பையில் இருப்பது அடி வால்வு வழியாகக் கீழ்ப்பகுதிக்கு உறிஞ்சப்படுகிறது. பிடியை அழுத்தும்போது கீழ்ப்பகுதியில் இருப்பது ஜோக்கர் வால்வு என்று சொல்லப்படும், வாத்தின் அலகு போன்ற ரப்பர் வால்வைப் பிளந்துகொண்டு ஹோஸுக்குள் போகிறது. மேல்பகுதி ஏரியிலிருந்து புதுத் தண்ணீரை இழுத்துக்கொள்கிறது.

ஆகவே, பிடியை இழுக்கும்போது தண்டைச் சுற்றிப் பீறிடுவது பெரும்பாலும் ஏரித் தண்ணீர்தான். பம்பின் தலையில் தண்டைக் கவ்விப் பிடித்திருக்கும் சீல் தேய்ந்துவிட்டது என்பதே அதன் பொருள். இந்த வகைக் கழிப்பறைகளில் சீக்கிரம் தேய்பவற்றில் இந்தச் சீலும் ஒன்று. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையமும் தேய்ந்திருந்தால் கழிவும் மேலே கலந்து வரும். அப்போது பீறிடும் தண்ணீரின் நாற்றமே அதைச் சொல்லிவிடும். இதுவரை உங்கள் பக்கத்துப் படகுக்காரர் பக்கம் நியாயம் இருக்கிறது.

காலையில் காணும் குட்டை வேறு விஷயம். அதற்கு ஒரு சோதனை செய்யுங்கள். மாலையில் ஏரித் தண்ணீர் வரும் சீகாக்கை, அதாவது படகின் அடிப்பகுதியில் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்கும் வால்வை, மூடிவிடுங்கள். கோப்பையில் அரைவாசித் தண்ணீர் ஊற்றி, கேக்குக்குப் போடும் சிவப்பு நிறத்தில் பத்துச் சொட்டு விடுங்கள். தரையையும் கழிப்பறையின் வெளிப்புறத்தையும் நன்றாகத் துடைத்து உலர்த்தியபின், அடிப்பாகத்தைச் சுற்றி, பம்பு அடிப்பாகத்தோடு சேரும் இடத்தில், பின்னால் தடித்த ஹோஸ் கிளம்பும் முழங்கை வடிவ இணைப்பில், மெல்லிய ஹோஸின் முனையில் என்று நான்கு இடங்களில் வெள்ளை டிஷ்யூ காகிதத்தைச் சுற்றிவையுங்கள். காலையில் எந்தக் காகிதம் முதலில் நனைந்திருக்கிறது, சிவப்பாக நனைந்திருக்கிறதா, நிறமில்லாமல் நனைந்திருக்கிறதா என்று பாருங்கள். எதுவுமே நனையாவிட்டால், மறுநாள் காலையில் சீகாக்கைத் திறந்து, நீங்கள் படகிலேயே இருந்து இரண்டு மூன்று மணி நேரம் கவனியுங்கள். அப்போது நிறமில்லாத தண்ணீர் வந்தால் பழுது உள்ளே வரும் குழாயிலோ அதன் கிளிப்பிலோ பம்பின் மேல்பகுதியிலோ இருக்கிறது.

சிவப்புத் தண்ணீர் அடிப்பாகத்தில் வந்தால், நான் முதலில் சந்தேகப்படுவது உறைபனியை. இலையுதிர் காலத்தில் வாங்கினோம் என்கிறீர்கள். கழிப்பறையில் இருந்த தண்ணீரை வெளியேற்றியது முந்தைய உரிமையாளரா, நீங்களா, அல்லது ஒருவருமே இல்லையா? உறையும் தண்ணீர் ஏறத்தாழ 9 விழுக்காடு பருத்துவிடும். பம்பின் அடியில் தேங்கிய ஒரு கோப்பைத் தண்ணீருக்கு டொரொன்டோவின் ஒரு ஜனவரி இரவு போதும், பிளாஸ்டிக்கைப் பிளந்துவிட. அந்தப் பிளவு தலைமுடியைப் போல மெல்லியதாக இருக்கும். பார்த்தால் அச்சில் விழுந்த கோடு என்றே தோன்றும். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, விரல் நகத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நகம் சிக்கினால் பிளவு. பல மாதிரிகளில் அடிப்பாகத்தின் கீழே தண்ணீரை வடிப்பதற்கு ஒரு சிறு திருகுமூடி இருக்கும். அதைச் சுற்றியும், பம்பைப் பிடித்திருக்கும் திருகுகளின் துளைகளைச் சுற்றியும்தான் பிளவு முதலில் விழும். அந்த மூடியின் ஓ-ரிங் காய்ந்துபோயிருந்தாலும் இதே குட்டை வரும் என்பதால், அதையும் கழற்றிப் பாருங்கள்.

இனி உங்கள் வீட்டு வழக்குக்கு வருகிறேன். பிளவு எதுவும் இல்லை, தண்டின் சீல் மட்டுமே போயிருக்கிறது என்றால், உங்கள் மாதிரிக்கு உரிய சர்வீஸ் கிட் ஒன்றை வாங்குங்கள். ஜாப்ஸ்கோ, ராரிட்டன் போன்ற எல்லா முக்கியத் தயாரிப்புகளுக்கும் கிட் கிடைக்கும். சீல், ஓ-ரிங், இணைப்புகளில் கசியாமல் காக்கும் தட்டையான ரப்பர்களான மேல் கேஸ்கெட், அடி கேஸ்கெட், ஜோக்கர் வால்வு எல்லாம் அதில் இருக்கும். ஒரு சீலுக்காகப் பம்பைத் திறந்துவிட்டு மற்றவற்றைப் பழையதாகவே விட்டுவைப்பதை நான் ஒருபோதும் செய்வதில்லை. ஆனால் கிட் வாங்குவதற்கு முன் தண்டை மேலே இழுத்து, அதன் மேலும் நகத்தை ஓட்டிப் பாருங்கள். தண்டில் நீளவாட்டில் கீறல் இருந்தால், நீங்கள் போடும் புதுச் சீலை அது ஒரே கோடைக்குள் தின்றுவிடும்.

பிளவு இருந்தாலோ, தண்டு கீறியிருந்தாலோ, பம்பின் உட்சுவர் சொரசொரப்பாக இருந்தாலோ, உங்கள் கணவர் சொல்வதைக் கேளுங்கள். பம்பைத் தனியாகவும் வாங்கலாம். ஆனால் பம்பின் விலையையும் கிட்டின் விலையையும் கூட்டிப் பார்த்தால், பீங்கான் கோப்பையோடு முழுக் கழிப்பறையே கிட்டத்தட்ட அந்த விலைக்கு வந்துவிடும். எனக்கு இது பல ஆண்டுகளாக வியப்பைத் தரும் விஷயம், ஆனால் உண்மை. பழைய மாதிரிக்கும் புதிய மாதிரிக்கும் கிட் மாறும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஜாப்ஸ்கோ கைப்பம்பில், பிடியைத் திருகிப் பூட்டும் புதிய வகைக்கு ஒரு கிட், 2008க்கு முந்தைய வகைக்கு வேறு கிட். இத்தனை வயதான உங்கள் படகில், யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற வரலாறு தெரியாத நிலையில், நான் உங்கள் இடத்தில் இருந்தால் முழுவதையும் மாற்றிவிட்டு, பழைய பீங்கானை மட்டும் மாற்றுக்காக வைத்துக்கொள்வேன். பீங்கான் தேய்வதில்லை.

கழற்றும் நாளுக்கு முன் கழிவுத் தொட்டியைக் கரையில் உள்ள நிலையத்தில் உறிஞ்சி எடுக்கச் செய்யுங்கள். பின்பு சோப்பு கலந்த வெதுவெதுப்பான தண்ணீரைக் கோப்பையில் ஊற்றி முப்பது, நாற்பது முறை பம்பு அடியுங்கள். அதற்கப்புறம் சீகாக்கை மூடுங்கள். மூடியபின் பம்பு அடித்தால் தண்ணீர் வரவில்லை என்பதைக் கண்ணால் பார்த்தபிறகே ஹோஸில் கை வையுங்கள். பிடி திரும்பினாலும் உள்ளே வால்வு திரும்பாத பழைய சீகாக்குகள் உண்டு.

எவ்வளவு அலசினாலும் வெளியேறும் தடித்த ஹோஸில் கொஞ்சம் தேங்கியிருக்கும், முழங்கையைக் கழற்றும் கணத்தில் அது திரும்பி வரும். அதற்கு வாளியை விட நல்லது குழந்தைகளுக்குக் கட்டும் டயபர்தான். நான்கைந்து டயபர்களை விரித்து ஹோஸின் அடியில் வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஒரு சொட்டு கூடப் படகின் அடித்தட்டுக்குப் போகாது. முப்பது ஆண்டு பழைய ஹோஸ், கல்லாக இறுகியிருக்கும். இழுத்துப் போராடினால் பிளாஸ்டிக் முனை உடையும். வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றியோ, தலைமுடி உலர்த்தியால் சூடாக்கியோ மெதுவாகத் திருகி எடுங்கள்.

புதிதைப் பொருத்தும்போது பிளாஸ்டிக்குக்குள் போகும் திருகுகளை மின்சாரத் துரப்பணத்தால் முடுக்காதீர்கள். கையால், எதிரெதிர் மூலைகளாக, கேஸ்கெட் லேசாகப் பிதுங்கும் அளவுக்கு மட்டும் முடுக்குங்கள். ஜோக்கர் வால்வின் அலகு தொட்டியை நோக்கி இருக்க வேண்டும்; அவசரத்தில் இதைத் திருப்பி வைத்துவிட்டு, புதுக் கழிப்பறை அடைத்துக்கொண்டது என்று தொலைபேசியில் அழைத்தவர்கள் பலர். அடிப்பாகத்தைச் சுற்றி முழுவதும் சீலன்ட் என்னும் கசிவடைக்கும் பசையைப் பூசி அழகுபடுத்தாமல், பின்புறம் நான்கு விரல் அகலம் விட்டுவிடுங்கள். நாளை ஒழுகினால் அது மரத்துக்குள் ஊறாமல் உங்கள் கண்ணுக்குத் தெரியும்.

ஒன்டாரியோ மாகாணத்தின் 343ஆம் ஒழுங்குவிதிப்படி, உங்கள் கழிப்பறையின் கழிவு தொட்டிக்குத்தான் போக வேண்டும். ஏரிக்குள் திறந்துவிட வழியே இருக்கக் கூடாது. பழைய படகுகளில், வேறெங்கோ ஓடிய காலத்தில் கழிவைத் தொட்டிக்குப் பதில் வெளியே திருப்பிவிட்ட வால்வு ஒன்று ஹோஸ் வழியில் மிச்சமாக இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். கழிப்பறையைக் கழற்றும் இந்த வாய்ப்பில் அதையும் தேடி, இருந்தால் எடுத்துவிடுங்கள். அந்த ஏரிதான் ஸ்கார்பரோவின் குடிநீர்.

வரும் அக்டோபரில் படகைக் கரையேற்றும்போது, குளிர்காலத்துக்கென்றே விற்கும் இளஞ்சிவப்பு நிறப் புரொப்பிலீன் கிளைக்கால் திரவத்தை உள்ளே வரும் ஹோஸின் வழியாக உறிஞ்சவிட்டு, கோப்பையில் அதே நிறம் வந்து, அது தொட்டிவரை போகும் அளவுக்குப் பம்பு அடித்துவிடுங்கள். கார் ரேடியேட்டருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் நச்சு. அதைப் படகில் எந்தக் குழாயிலும் ஊற்ற வேண்டாம். உங்கள் அம்மாவிடம் ஜூலைக்குள் படகு தயாராகிவிடும் என்று தைரியமாகச் சொல்லலாம். ஒரு சனி, ஞாயிறில் முடியும் வேலைதான்.

கேள்வி: எங்கள் படகின் கழிப்பறை வெளியே ஒழுகவில்லை. ஆனால் இரவு காலியாக விட்ட கோப்பை, காலையில் முக்கால்வாசி நிறைந்திருக்கிறது. தண்ணீர் தானாக வருகிறது. கடலில் பாய் விரித்துப் படகு சாய்ந்து ஓடும்போது இன்னும் வேகமாக நிறைகிறது. வழியும் அளவுக்கு வராததால் இதுவரை விட்டுவைத்திருக்கிறேன். அவசரமா?
(வாசகர், சவுத்தாம்ப்டன், இங்கிலாந்து)

பதில்: மிகவும் அவசரம். இந்த நான்கு கடிதங்களில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது உங்களுடையதுதான். இதைப் படித்து முடிப்பதற்கு முன் படகுக்குப் போய், கழிப்பறைக்கு உரிய இரண்டு சீகாக்குகளையும் மூடிவிட்டு வாருங்கள். முடியாவிட்டால் படகுத்துறையில் இருக்கும் யாரையாவது கேட்டு மூடச் சொல்லுங்கள்.

உங்கள் கழிப்பறைக் கோப்பையின் விளிம்பு, கடல்மட்டத்துக்குக் கீழேயோ அதற்கு மிக அருகிலோ இருக்கிறது. படகு சாயும்போது இன்னும் கீழே போகிறது. வெளியே இருக்கும் கடல், உள்ளே இருக்கும் கோப்பை இரண்டுக்கும் நடுவில் தண்ணீரால் நிறைந்த ஒரு குழாய் இருந்தால், கடல் தன் மட்டத்துக்கு வரும்வரை உள்ளே பாய்ந்துகொண்டே இருக்கும். நங்கூரமிட்ட இடத்தில் அமைதியாக நின்றிருந்த படகுகள் கழிப்பறை வழியாகவே மூழ்கியதுண்டு. ஒரு கணக்கைச் சொல்கிறேன். கடல்மட்டத்துக்கு அரை மீட்டர் கீழே 19 மில்லிமீட்டர் ஹோஸ் ஒன்று கழன்றுகொண்டால், நிமிடத்துக்குச் சுமார் 30 லிட்டர் உள்ளே வரும். ஒரு மணி நேரத்தில் 1,800 லிட்டர். வெளியேற்றும் 38 மில்லிமீட்டர் ஹோஸ் கழன்றால் நிமிடத்துக்கு நூறு லிட்டரைத் தாண்டும்.

எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதைத் தண்ணீரே சொல்லும். காலையில் நிறைந்திருப்பது தெளிந்த கடல்நீர் என்றால் உள்ளே வரும் பக்கம். கலங்கலாக, நாற்றத்தோடு இருந்தால் வெளியேறும் பக்கம். சந்தேகம் இருந்தால் ஓர் இரவு உள்வரும் சீகாக்கை மட்டும் மூடியும், மறு இரவு வெளியேறும் சீகாக்கை மட்டும் மூடியும் பாருங்கள். ஆனால் இரண்டு இரவும் நீங்கள் படகில் தங்கியிருக்க வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து பார்க்கவும் வேண்டும்.

உள்வரும் பக்கம் என்றால், பம்பின் மேல் கேஸ்கெட் தளர்ந்திருக்கிறது. பம்பின் தலையில் ‘அலசு’, ‘உலர்த்து’ என்று இரண்டு பக்கமும் திரும்பும் நெம்பு இருக்கிறதே, அதை ‘உலர்த்து’ பக்கம் வைத்துவிட்டால் கடல் நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது பம்பு வேலை செய்வதற்கான ஏற்பாடு. கடலைத் தடுப்பதற்காகச் செய்யப்பட்டது அல்ல. கேஸ்கெட்டை மாற்றுங்கள், ஆனால் அதோடு நிற்காதீர்கள். குழாயின் வழியில், தலைகீழ் ‘ப’ போல உயர்ந்து வளைந்து, உச்சியில் காற்று நுழையும் சிறு வால்வு வைத்த வளைவு ஒன்று இருக்க வேண்டும். படகு எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்தாலும், அப்போதைய கடல்மட்டத்துக்கு மேலே குறைந்தது 20 சென்டிமீட்டர் உயரத்தில் அதன் உச்சி இருக்க வேண்டும். காற்று நுழைந்தால், குழாய் வழியே தண்ணீர் தானாக இழுபடும் சைஃபன் ஓட்டம் அறுந்துவிடும்.

அந்த வளைவை எங்கே வைப்பது என்பதில் தவறு செய்பவர்கள் மிகுதி. உள்வரும் பக்கத்தில் அதைச் சீகாக்குக்கும் பம்புக்கும் நடுவில் வைத்தால், பம்பு தண்ணீருக்குப் பதில் காற்றையே உறிஞ்சும். அந்த எரிச்சலில் காற்றுத்துளையை டேப் ஒட்டி அடைத்துவிடுவார்கள், அதோடு பாதுகாப்பும் போய்விடும். பம்பின் தலையிலிருந்து கோப்பைக்குப் போகும் குட்டை ஹோஸை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நீண்ட ஹோஸாக மேலே ஏற்றி இறக்குவதே சரியான முறை. உங்கள் படகில் வளைவு ஏற்கெனவே இருந்தால், அதன் உச்சி வால்வை எடுத்து வெந்நீரில் கழுவுங்கள். உப்புப் பூத்து அடைத்துப்போயிருக்கும் என்பது என் ஊகம்.

வெளியேறும் பக்கம் என்றால் குற்றவாளி ஜோக்கர் வால்வு. கடல்நீரும் சிறுநீரும் சேரும்போது சுண்ணாம்பு போன்ற ஒரு படிவு உண்டாகி, ரப்பரின் அலகு மூட முடியாதபடி நடுவில் உறைந்துவிடும். படிவைச் சுரண்டி எடுத்துப் பழையதையே போடாதீர்கள். விலை குறைவான உறுப்பு, ஆண்டுக்கு ஒன்று என்று மாற்றிவிடுங்கள். புதிய ஜோக்கர் வால்வு கூடக் கடலைத் தடுக்கும் கதவு அல்ல. அந்தப் பக்கத்துக்கும் உயர்ந்த வளைவு வேண்டும்.

சீகாக்கைத் தொடும்போது அதன் உலோகத்தையும் பார்த்துவிடுங்கள். சாதாரணப் பித்தளையில் இருந்து துத்தநாகத்தைக் கடல்நீர் மெல்ல அரித்து எடுத்துவிடும். வெளியே வடிவம் அப்படியே இருக்கும், உள்ளே பலம் இருக்காது. கத்தி முனையால் லேசாகச் சுரண்டினால் மஞ்சளாக மின்ன வேண்டும். செம்பு போல இளஞ்சிவப்பாகத் தெரிந்தால், படகைக் கரையேற்றி அந்தச் சீகாக்கையே மாற்றுங்கள், கழிப்பறை பிறகு. ஒவ்வொரு ஹோஸ் முனைக்கும் துருப்பிடிக்காத கிளிப் இரண்டு, ஒவ்வொரு சீகாக்குக்கும் பக்கத்தில் கயிற்றால் கட்டித் தொங்கவிட்ட கூம்பு வடிவ மரத் தக்கை ஒன்று. இந்தத் தக்கையை அலமாரியில் பத்திரமாக வைத்திருப்பவர்களுக்கு, இருட்டில் தண்ணீர் பாயும்போது அது கையில் அகப்படாது.

கேள்வி: லண்டன் கால்வாயில் ஒரு நாரோபோட்டில், அதாவது கால்வாய்க்கென்றே குறுகலாகக் கட்டிய படகில், குடியிருக்கிறேன். கேசட் என்னும் கழிவுப் பெட்டியை இழுத்து எடுத்துச் சென்று கொட்டும் வகைக் கழிப்பறை. சில வாரங்களாகக் கேசட்டை வெளியே இழுக்கும்போது அதன் மேற்புறம் ஈரமாக இருக்கிறது, தரையிலும் சொட்டுகிறது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு, தண்ணீரே தேவைப்படாத உலர் கழிப்பறைக்கு மாறிவிடலாமா?
(வாசகர், லண்டன்)

பதில்: கேசட்டின் மேல் இருக்கும் தகட்டுக் கதவைச் சுற்றி ஓர் உதட்டு ரப்பர் இருக்கிறது. அது காய்ந்து வெடித்தோ, மடிந்தோ, ஏதாவது துணுக்கு ஒட்டிக்கொண்டோ இருக்கும். கழற்றிக் கழுவி, சிலிக்கான் கிரீஸை மெல்லியதாகத் தடவிப் போடுங்கள். தோலில் தடவும் வாசலின் வேண்டாம், அது ரப்பரைக் கெடுக்கும். வெடித்திருந்தால் புது ரப்பர் வாங்கிப் போட ஐந்து நிமிடம். அதற்கும் நிற்காவிட்டால், கேசட்டை நிறைய விட்டுத் தாமதமாகக் கொட்டுகிறீர்களா என்று யோசியுங்கள். அடையாள விளக்கு எரிந்தபிறகும் இரண்டு நாள் இழுத்தடித்தால் எந்த ரப்பரும் தாங்காது.

சிறுநீரையும் மலத்தையும் தனித்தனியாகப் பிரிக்கும் உலர் கழிப்பறை நல்ல ஏற்பாடுதான். ஹோஸ் இல்லை, பம்பு இல்லை, ஒழுகுவதற்கு வழியும் குறைவு. ஆனால் கழிப்பறையை வாங்குவதற்கு முன், அதிலிருந்து எடுப்பதை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று முடிவு செய்யுங்கள். கால்வாய்களை நிர்வகிக்கும் கெனால் அண்ட் ரிவர் டிரஸ்ட், உலர் கழிப்பறைக் கழிவைப் பைகளில் கட்டித் தன் குப்பைத் தொட்டிகளில் போட அனுமதிப்பதை 2021 இறுதியோடு நிறுத்திவிட்டது. முழுமையாக மக்குவதற்கு மாதக்கணக்கில் ஆகும், அதுவரை வைத்திருக்க இடம் வேண்டும். தோட்டமோ, ஒத்துழைக்கும் நண்பரின் நிலமோ இல்லாமல் படகிலேயே குடியிருப்பவருக்கு, ஒரு கேசட் ரப்பருக்காக இந்த மாற்றத்தை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கேள்வி: சென்ற ஆண்டுதான் கழிப்பறையை முழுவதும் புதிதாக மாற்றினேன். எங்கும் ஒரு சொட்டு ஈரம் இல்லை. ஆனால் படகின் கதவைத் திறந்தாலே நாற்றம் முகத்தில் அடிக்கிறது. பிளீச் ஊற்றியும் போகவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் எங்கேயோ கசிகிறதா?
(வாசகர், சிங்கப்பூர்)

பதில்: கழிப்பறையை மாற்றினீர்கள், ஹோஸை மாற்றினீர்களா? இல்லையென்றால் கசிவது அதுதான், தண்ணீராக அல்ல, நாற்றமாக. கழிவு தேங்கி நிற்கும் ஹோஸின் சுவருக்குள் சில ஆண்டுகளில் நாற்றம் ஊறி மறுபக்கம் வந்துவிடும். ஒரு சுத்தமான துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, ஹோஸின் ஓரிடத்தில் சுற்றிவையுங்கள். துணி ஆறியதும் எடுத்துப் படகுக்கு வெளியே போய் முகர்ந்து பாருங்கள். துணி நாறினால் அந்த ஹோஸை மாற்ற வேண்டியதுதான். மேலே எதைப் பூசினாலும் பயனில்லை. கழிவுக்கென்றே தயாரிக்கும் தடித்த ஹோஸை வாங்கி, நடுவில் தொய்ந்து பள்ளமாகாமல், முடிந்தவரை ஒரே சரிவாகப் பொருத்துங்கள். பள்ளத்தில் தேங்குவதுதான் முதலில் ஊறுகிறது.

துணி நாறவில்லை, ஆனால் சில நாள் பூட்டிவைத்துவிட்டு வந்து முதல் முறை பம்பு அடிக்கும்போதுதான் அழுகிய முட்டை போல நாற்றம் எழுகிறது என்றால், காரணம் கழிவு அல்ல. உள்வரும் ஹோஸில் தேங்கிய கடல்நீரில் இருக்கும் நுண்ணுயிர்கள் வெப்பத்தில் செத்து அழுகியிருக்கின்றன. உங்கள் ஊர் வெப்பத்தில் இது சீக்கிரமே நடக்கும். படகை விட்டுக் கிளம்பும்போது கைகழுவும் தொட்டியில் நல்ல தண்ணீரை நிரப்பி, அதன் வடிகுழாயைச் சீகாக்குக்கு மேலே உள்வரும் ஹோஸோடு ஒரு டி இணைப்பால் சேர்த்திருந்தால், சீகாக்கை மூடிவிட்டுப் பம்பு அடித்தாலே போதும். பம்பு தொட்டியின் நல்ல தண்ணீரை இழுத்து, ஹோஸ் முழுவதையும் அலசிவிடும். படகின் குடிநீர்க் குழாயை மட்டும் நேராகக் கழிப்பறையோடு இணைத்துவிடாதீர்கள். ஒரு வால்வு தவறினால் கழிப்பறைத் தண்ணீர் குடிநீர்த் தொட்டிக்குப் போய்விடும்.

பிளீச் ஊற்றுவதாக எழுதியிருந்தீர்கள். அதை இன்றே நிறுத்துங்கள், ரப்பரைத்தான் அது முதலில் கெடுக்கும். வாரம் ஒருமுறை ஒரு கோப்பை வெள்ளை வினிகரை ஊற்றி, இரண்டு முறை மட்டும் பம்பு அடித்து, அரை மணி நேரம் விட்டுப் பிறகு நல்ல தண்ணீரால் நன்றாக அலசிவிடுங்கள். இரவு முழுவதும் ஊறவிட வேண்டாம். ஜோக்கர் வால்வின் ரப்பர் உப்பிக்கொள்ளும்.